மலையில் ஓட வருவோர் முதலில் இறங்கக் கற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையோட்டம் பழக விரும்பும் புதியவர்களுக்கான வழிகாட்டிக் கட்டுரை ஒன்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்திருந்தது. பூங்காக்களிலும் கடற்கரைச் சாலையிலும் ஓடிப் பழகிய நகரவாசிகள் ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை என்று கிளம்பத் தொடங்கியிருக்கும் இந்த வேளையில் அப்படியொரு கட்டுரை வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் காலணிக்கும் கைக்கடிகாரத்துக்கும் அதில் தரப்பட்ட இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட மலையிலிருந்து இறங்குவதற்குத் தரப்படவில்லை. சேலத்தில் வசித்து, சேர்வராயன் மலைச் சாலைகளில் பல ஆண்டுகளாக ஓடி, புதிதாக வருகிற இளைஞர்களுடன் அடிக்கடி ஏறி இறங்கி வருபவன் என்ற முறையில், விடுபட்டுப்போன அந்தப் பகுதியைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மலை ஓட்டத்துக்கு வந்து முதல் நாளிலேயே அதிகம் அவதிப்படுபவர் யார் என்று கேட்டால், ஓடியே பழகாதவர் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் பார்த்தவரை, சமதளத்தில் நன்றாக ஓடிப் பழகியவர்தான் அதிகம் அவதிப்படுகிறார். பழகாதவரை ஏற்றமே நிறுத்திவிடும். இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே மூச்சு வாங்கி, பக்கவாட்டுச் சுவரில் உட்கார்ந்துவிடுவார். அரை மாரத்தான் ஓடிய நகரவாசிக்கோ இதயமும் நுரையீரலும் தயாராக இருப்பதால், அவர் உச்சிவரை ஏறிவிடுகிறார். ஏறிய உற்சாகத்தில் இறக்கத்தில் கால்களை விட்டுவிடுகிறார். அப்போது ஒன்றும் தெரிவதில்லை. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழும்போதுதான் தெரியும். அதற்கு அடுத்த நாள், வீட்டு மாடிப்படியில் கைப்பிடிச் சுவரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பின்னோக்கித் திரும்பி நின்று, ஒவ்வொரு படியாகக் காலைத் துழாவி இறங்கும் நிலை வந்துவிடும்.

இதற்குக் காரணம் தசை வேலை செய்யும் விதம். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, உடல் கீழே சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்துவதற்காக, சுமையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. இப்படி நீளும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன, அதன் வலி ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்தை எட்டுகிறது. மூச்சு வாங்காதது இங்கே ஏமாற்றிவிடுகிறது. ஆல்பெர்ட்டோ மினெட்டி என்ற உடலியங்கியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மலையோட்ட வீரர்களைச் சாய்வான ஓட்டப் பொறியில் (டிரெட்மில்) ஓடவிட்டு அளந்து 2002-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 100 மீட்டருக்கு 20 மீட்டர் என்ற அளவில் சரியும் இறக்கத்தில் ஓடுவதற்குச் சமதளத்தில் ஆகும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே போதும்; 45 மீட்டர் உயரும் ஏற்றத்திலோ ஐந்து மடங்குக்கும் மேல் ஆகிறது. ஆக, ஏற்றத்தில் உடல் தானாகவே எச்சரிக்கிறது, இறக்கத்தில் எச்சரிப்பதில்லை. கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு குறைவாகத் தெரியும் நேரத்தில்தான் கால்கள் பாழாகிக்கொண்டிருக்கின்றன என்பதைக் கடிகாரம் விற்பவர்கள் சொல்வதில்லை.

ஆகவே, புதிதாக வருபவருக்கு நான் முதலில் சொல்வது, ஏறிப்போய்ப் பேருந்தில் இறங்குங்கள் என்பதே. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உலக மலையோட்டக் கோப்பைப் போட்டிகள் 1985-இல் இத்தாலியில் தொடங்கின. பின்னாளில் நீண்ட காலம், ஓர் ஆண்டு ஏற்றம் மட்டும், மறு ஆண்டு ஏற்றமும் இறக்கமும் என்று மாற்றி மாற்றித்தான் அவை நடத்தப்பட்டன. நியூசிலாந்தின் ஜொனாதன் வயட் ஆறு முறை உலகப் பட்டம் வென்ற விளையாட்டு இது. ஏறுவது மட்டுமே ஒரு முழுமையான போட்டியாக உலக அளவில் ஏற்கப்பட்டிருக்கும்போது, நம் ஊரில் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஏறி, ஏரிக்கரையில் ஒரு தேநீர் குடித்துவிட்டுச் சேலம் பேருந்தைப் பிடிப்பவரை யாரும் குறைத்துப் பேச முடியாது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த உயரத்தை ஏறுவது முதல் சில மாதங்களுக்குப் போதிய பயிற்சிதான். அதையும் முதல் வாரமே முழுதாக ஏற வேண்டும் என்பதில்லை.

ஏறும்போது நடக்கலாமா என்று பலர் தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாக நடக்கலாம். செங்குத்தான ஏற்றத்தில் உலகின் முன்னணி வீரர்களே முழங்கால்மேல் கையை ஊன்றி வேகமாக நடக்கிறார்கள். ஓடுபவரும் நடப்பவரும் ஒன்றாகவே மேலே போய்ச் சேர்வதையும் பார்க்கலாம். பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே புதியவருக்கு ஏற்ற வேகம். பேச்சு ஒற்றைச் சொல்லாகத் தேய்ந்தால் நடைக்கு மாறிவிட வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் தொடங்குவதற்கு முன் இதயப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். வெள்ளியங்கிரி மலையேறும் காலத்தில் மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் உயிரிழப்புகள் நேர்வதைத் தங்கள் நாளிதழே செய்தியாக வெளியிட்டு வருகிறது.

பேருந்தில் இறங்குவதையே எப்போதும் தொடர முடியாது. இறக்கத்துக்குத் தசையைப் பழக்க இறக்கத்தைத் தவிர வேறு வழியில்லை. நல்ல வேளையாக, இதில் உடலுக்கு ஒரு சலுகை உண்டு. சிறிய அளவில் ஒரு முறை இறக்கத்தில் ஓடிவிட்டால், அந்த வலி ஆறிய பிறகு அதே தசைகள் சில வாரங்களுக்கு அதே வகைச் சேதத்தை நன்றாகத் தாங்குகின்றன என்று உடலியங்கியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எனவே இரண்டு வளைவு அளவுக்கு மட்டும் மெதுவாக ஓடி இறங்குவது, வலி முழுவதும் ஆறும் வரை சமதளத்தில் ஓடுவது, பிறகு நான்கு வளைவு, பிறகு ஏழெட்டு என்று கூட்டிக்கொண்டு போவதே சரியான வழி. அவசரப்பட்டு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுபவர்களைப் பார்க்கிறேன். உடலில் நீர் குறைந்திருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். கடுமையான இறக்கத்துக்குப் பிறகு தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அது வெறும் தசைவலி இல்லை. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இறங்கும் முறையைக் கற்பதற்குக் காணொளிகள் பல இருக்கின்றன. இருந்தாலும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில், மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வரும் பெண்களைச் சற்று நேரம் கவனிப்பதே நல்ல பாடம் என்பேன். அவர்களுடைய முழங்கால் ஒருபோதும் முழுதாக நிமிர்வதில்லை. ஒவ்வொரு அடியும் ஒரு பாத நீளத்துக்கு மேல் முன்னே போவதில்லை. பாதம் இடுப்புக்கு நேர் கீழே, முழு உள்ளங்காலும் படும்படி விழுகிறது. பார்வை காலடியில் இல்லாமல் மூன்று நான்கு மீட்டர் முன்னே இருக்கிறது. கல் புரண்டாலும் அடுத்த அடி அதற்குள் விழுந்துவிடுவதால் அவர்கள் தடுமாறுவதில்லை, தலைச்சுமையும் அசைவதில்லை. நகரத்திலிருந்து வருபவர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார். சாய்வைக் கண்டு பயந்து உடலைப் பின்னுக்குச் சாய்த்து, காலை நீட்டிக் குதிகாலை ஊன்றி, ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிறார். அந்த அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கும் தொடைக்கும் போகிறது, குதிகால் வழுக்கினால் பின்மண்டை அடிபடும்படி விழவும் நேர்கிறது. உடலைச் சாய்வுக்கு ஏற்பச் சற்றே முன்னால் வைத்து, கைகளைப் பக்கவாட்டில் தளர விரித்து, சிறு சிறு அடிகளாக விரைவாக வைத்து இறங்குவதை முதலில் புல்வெளிச் சரிவிலோ அகலமான மண்பாதையிலோ பழகிய பிறகுதான் கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதைக்குப் போக வேண்டும்.

காலணியைப் பற்றிக் கட்டுரையில் நிறையவே எழுதியிருந்ததால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இறக்கத்தில் பாதம் காலணிக்குள் முன்னோக்கித் தள்ளப்படும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இல்லாவிட்டால், எத்தனை விலை கொடுத்து வாங்கிய காலணியானாலும் கட்டைவிரல் நகம் கறுத்து, சில வாரங்களில் கழன்று விழும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாலே பாதித் தொல்லை குறையும். ஊன்றுகோலைப் பற்றியும் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடியை வாங்கிக்கொள்ளாமல் ஏறுபவர் குறைவு. அந்தத் தடி எதற்கு என்பது ஏறும்போது புரிவதைவிட இறங்கும்போது நன்றாகவே புரியும். நீண்ட மலையோட்டப் போட்டிகள் பலவற்றிலும் ஊன்றுகோலுக்கு அனுமதி உண்டு.

மலை அருகில் இல்லாத ஊர்களில் இருப்பவர்கள் அடுக்குமாடிப் படிகளிலும் மேம்பாலச் சரிவுகளிலும் இதைப் பழகலாம். கோயில் மலைப் படிகளில் ஓடிப் பழகுவதைப் பற்றி என் கருத்து வேறு. பழனியிலோ 1,305 படிகள் கொண்ட சோளிங்கரிலோ பக்தர்கள் செருப்பின்றி, முதியவர்களைக் கைப்பிடித்து ஏற்றிக்கொண்டு போகிற இடத்தில், காலணியுடன் மேலிருந்து பாய்ந்து வருவது முறையாகாது. ஏற வேண்டுமானால் மற்றவர்களைப் போல வெறுங்காலுடன் ஏறி, சாமி கும்பிட்டு, நடந்து இறங்கலாம். அதுவும் பயிற்சிதான்.

தொலைவைக் கணக்கிடுவதிலும் இதே குறை இருக்கிறது. 1892-இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் மலை நடைக்கு வகுத்த விதி, மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம் என்றது. இன்று பன்னாட்டு மலைத்தட ஓட்டக் கூட்டமைப்பு, 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்கிறது. அதன்படி 500 மீட்டர் ஏற்றமுள்ள 10 கிலோமீட்டர் பாதை 15 கிலோமீட்டருக்குச் சமம். புதியவர் தன் பயிற்சியைத் திட்டமிட இது மிகவும் உதவும். ஆனால் இரண்டு கணக்கிலும் இறக்கத்துக்கு இடமில்லை. நெய்ஸ்மித் விதியைப் பின்னாளில் திருத்திய எரிக் லாங்மியூர்தான், மென்மையான இறக்கத்துக்கு நேரத்தைக் குறைத்தும் செங்குத்தான இறக்கத்துக்கு நேரத்தைக் கூட்டியும் எழுதினார். செங்குத்தாக இறங்கவும் நிறைய நேரம் பிடிக்கும் என்பதை அறியாமல், மதியத்துக்குள் கீழே வந்துவிடலாம் என்று ஒரே ஒரு தண்ணீர்ப் புட்டியுடன் கிளம்பி, இருட்டில் கைபேசி வெளிச்சத்தில் வருபவர்கள் உண்டு. மூடுபனி இறங்கிய மாலையில், காட்டெருமை நடமாடும் பாதையில் அது வீரம் ஆகாது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறும்போது உடல் தானே சூடாகும்; இறங்கும்போது உழைப்பு குறைந்து, வியர்வையில் நனைந்த சட்டையில் காற்று அடித்து, உடல் வேகமாகக் குளிரும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில், திடீரென்று வீசிய கடுங்காற்றிலும் ஆலங்கட்டி மழையிலும் சிக்கி 21 ஓட்டக்காரர்கள் இறந்தார்கள். அவர்களில் அந்நாட்டின் முன்னணி வீரரான லியாங் ஜிங்கும் ஒருவர். காற்றுப் புகாத மேலாடை அந்தப் போட்டியில் கட்டாயமாக்கப்படவில்லை. நம் மலைகள் அத்தனை குளிரானவை இல்லை என்றாலும், கைப்பிடிக்குள் மடித்து வைக்கக்கூடிய ஒரு மெல்லிய மழைச்சட்டை, ஒரு விசில், கடலை மிட்டாய், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை ஆயிரக்கணக்கில் விலையுள்ள கடிகாரத்தைவிட முன்னால் வாங்க வேண்டியவை.

எங்கே ஓடலாம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. இது பெரிய குறை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் 23 பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அதன் பிறகு அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி ஓடுவது குற்றம். 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் வழிகாட்டிகளுடன் திறக்கப்பட்டிருக்கின்றன. கோடைத் தொடக்கத்தில் தீ அபாயம் உள்ள வாரங்களில் அவை மூடப்படும். ஓட நினைப்பவர் முதலில் இவற்றில் ஒரு பாதையை வழிகாட்டியுடன் நடந்து பார்ப்பது நல்ல தொடக்கம். தனியார் தோட்டப் பாதைகளில் உரியவரைக் கேட்டுக்கொண்டு ஓட வேண்டும். மீதமிருப்பவை மலைச்சாலைகள். அங்கே விடியற்காலையில், காதில் பாட்டுக் கருவி இல்லாமல், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்புறமாக ஓடலாம். கொண்டை ஊசி வளைவில் பேருந்து அகலமாகத் திரும்பும் என்பதால், ஒதுங்க இடமில்லாத வளைவை, குறிப்பாக இறங்கும்போது, நின்று பார்த்து நடந்தே கடக்க வேண்டும்.

போட்டி அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மலை அரை மாரத்தான் போல, முன்பாதி ஏறிப் பின்பாதி இறங்கும் போட்டிகளுக்கு நம் ஊர்களிலிருந்தும் பலர் போய் வருகிறார்கள். தமிழகத்து மலைகளிலும் போட்டிகள் நடத்தப்படுகின்றன. எல்லா விளம்பரங்களிலும் தொலைவும் ஏற்றமும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. மொத்த இறக்கம் எத்தனை மீட்டர், அதில் செங்குத்தான பகுதி எங்கே வருகிறது, சாலையா, கற்பாதையா என்பதையும் அறிவிக்க வேண்டும். புதியவர்களுக்காக ஏற்றத்தோடு முடிந்து, வண்டியில் கீழே கொண்டுவந்து விடும் குறுகிய பிரிவு ஒன்றையும் சேர்க்கலாம். முதல் போட்டியாக 50 கிலோமீட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வந்து எப்படிப் பயிற்சி செய்வது என்று கேட்கும் இளைஞர்களுக்குச் சொல்வதற்கு, அப்போது எங்களிடம் நல்லதொரு பதில் இருக்கும்.

வனத்துறைக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தற்போதைய திட்டப் பாதைகள் நடப்பவர்களுக்காக வகுக்கப்பட்டவை. யானை நடமாட்டம் இல்லாத, காட்டின் விளிம்பில் அமைந்த ஒன்றிரண்டு பாதைகளைத் தேர்ந்து, காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மட்டும், நுழைவுப் பதிவேட்டுடன் ஓடுபவர்களுக்கு அனுமதித்தால், திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் புகுவது குறையும். சேர்வராயன் மலைச்சரிவில் அப்படியொரு பாதை அமைந்தால், குப்பை அகற்றவும் தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தம் செய்யவும் சேலத்து ஓட்டக்காரர்கள் முறை வைத்து வர ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓட்டக்கார வாசகர் ஒருவர்,
சேலம்.